மறுப்பின் இரண்டாம் பாதி

1. செ. கோமதிநாயகம் ஆகிய நான், வயது அறுபத்து மூன்று, குற்றால மலைக்குக் கிழக்கே உள்ள இவ்வூரில் நெடுங்காலமாக வழக்கறிஞராகத் தொழில் செய்து வருபவன்.

2. பூரணம் அம்மாள் என்பவருக்குக் காப்பாளராகத் தன்னை நியமிக்கவும், அவரை முதியோர் இல்லம் ஒன்றில் சேர்க்கத் தனக்கு அனுமதி வழங்கவும் கோரி அவருடைய தம்பி மகன் கைலாசம் தாக்கல் செய்த மனுவில், அந்த அம்மையாரின் விருப்பம் என்ன என்பதை நேரில் கண்டறிந்து அறிக்கை தரும்படி நீதிமன்றத்தால் ஆணையராக நியமிக்கப்பட்டேன்.

3. நான் எவருடைய தரப்பையும் சார்ந்தவன் அல்லன். எவருக்கும் உறவினனும் அல்லன்.

4. கீழே உள்ளவை என் சொந்த நினைவுக்காக அன்றன்று எழுதிக்கொண்டவை. எந்த வழக்கிலும் சான்றாவணமாகத் தாக்கல் செய்யப்படாதவை. எழுத்துப் பிழைகளைத் தவிர எதையும் திருத்தவில்லை. திருத்த விரும்பிய இடங்கள் உண்டு.

ஜூன் 11

ஆணையர் நியமன உத்தரவு இன்று கைக்கு வந்தது. சிறிய வேலை, ஒரு நாளில் முடியக்கூடியது.

மனுவின்படி: பூரணமும் புஷ்கலமும் இரட்டையர்; இருவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள். தந்தை நடத்திய அரிசி ஆலைக்குப் பின்னால் உள்ள வீட்டில் பிறந்தது முதல் சேர்ந்தே வாழ்ந்தவர்கள். சிறு வயதில் தங்களுக்குள் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டு, அதிலேயே பேசி வந்திருக்கிறார்கள். கடந்த மாசி மாதம் புஷ்கலம் இறந்துவிட்டார். தமிழ் நன்றாகப் புரிந்தாலும் பூரணம் அதைப் பேசுவதில்லை. மனநிலை குன்றியவர் அல்லர் என்று மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.

அலுவலகக் கூரை ஒழுகுகிறது. மேற்கு மூலையில் இருந்த வழக்குக் கட்டுகளை இடம் மாற்றினேன்.

மாலையில் பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசினான். இந்த வீட்டை விற்றுவிட்டு நாங்கள் அவனோடு போய்த் தங்குவது குறித்து. மனைவி உலகம்மையிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். ஆகவே இருவருக்கும் சம்மதம் என்று அவனிடம் தெரிவித்துவிட்டேன்.

ஜூன் 14

காலை முதல் சாரல். குடையின் கம்பி ஒன்று ஒடிந்திருக்கிறது.

பூரணம் அம்மாளின் வீட்டுக்குச் சென்றேன். ஒரே அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றின் மேல் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எதிர்வீட்டுச் செல்லத்தாய் என்பவர் சமைத்துக் கொடுக்கிறார். இரு சகோதரிகளின் சொற்களில் பலவற்றை அறிந்தவர் என்பதால் அவரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டேன்.

"பூரணத்தம்மா, வக்கீலய்யா வந்திருக்காவ" என்று அறிமுகம் செய்தார்.

மெலிந்த உடல். வெள்ளைச் சேலையில் மஞ்சள் கறை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"நாம பேசுறது பூரா வெளங்கும் ஐயா. பதிலுக்குத்தான் அந்த ரெண்டு பேர் பாஷை. அதும் இப்ப ஒத்த ஆள் பாஷையா ஆயிப்போச்சு" என்றார் செல்லத்தாய்.

"தலையசைத்துக்கூடச் சொல்ல மாட்டாரா?"

"தலையும் ஆடாது, கையும் ஆடாது. அது என்ன சாபமோ."

உத்தரவைப் படித்துக் காட்டி, எளிய தமிழில் விளக்கினேன். இல்லத்தில் போய் இருக்கச் சம்மதமா என்று கேட்டேன். முறைப்படி மும்முறை, இடைவெளி விட்டு. மூன்று முறையும் ஒரே பதில்:

"கேமு."

"அப்படியென்றால்?"

"வெளிய போறது ஐயா. வாசலத் தாண்டிப் போற எதுக்கும் கேமுதான். கோயிலுக்குப் போனாலும் கேமு, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேமு."

"மறுப்பதற்கு இவர்கள் பாஷையில் என்ன சொல்?"

"அப்படி ஒரு வார்த்தைய நான் கேட்டதே இல்ல. எதையும் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல இவிய. வச்சதத் தின்னுட்டு இருப்பாவ. எங்க வீட்ல எம் மவ ஒருத்தி இருக்கா, வாயத் திறந்தாலே மாட்டேன்தான். இவிய பக்கத்துல ஒரு மாசம் உக்கார வச்சாத்தான் சரிப்படுவா."

ஒவ்வொரு முறையும் 'கேமு' என்று சொன்ன பிறகு அம்மையார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் எதையோ எதிர்பார்ப்பதுபோல் இருந்தது. நீதிமன்றத்திலிருந்து வருபவர்களிடம் முதியவர்கள் இப்படி மரியாதையாகக் காத்திருப்பது உண்டு.

ஜூன் 15

அறிக்கையைத் தாக்கல் செய்தேன். 'மும்முறை கேட்கப்பட்டபோதும், வெளியே செல்வதைக் குறிக்கும் சொல்லையே தடுமாற்றமின்றிக் கூறினார். மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.' தெளிவாக வந்திருக்கிறது.

ஜூன் 22

அறிக்கையோடு இணைத்த வாக்குமூலத்தில் பூரணம் அம்மாளின் கைரேகை இல்லை என்று நீதிமன்ற அலுவலகம் திருப்பி அனுப்பியது. என் கவனக்குறைவு. மறுபடியும் சென்றேன்.

சாரல் விட்டு, நல்ல வெயில். பூரணம் அம்மாள் முற்றத்தில் துவைத்த துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். கதவு வழியாக அந்தச் சுருட்டிய மெத்தையைப் பார்த்து, "சாபு" என்றார். நின்றார். மறுபடியும் "சாபு" என்றார். பிறகு துணிகளைக் காயப்போடாமலேயே வாளியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். வாளியிலிருந்து ஊறிப்போன நாற்றம் வந்தது.

"சாபு என்றால் என்ன?"

"மழை."

"மழை இல்லையே."

"அதான் ஐயா. வெயில்ல நின்னுக்கிட்டு மழைம்பாவ. வெறும் பானையத் திறந்து பார்த்துட்டு மினாம்பாவ, அப்படின்னா சோறு. அந்தம்மா போனதுலருந்து கொஞ்சம் கலங்கித்தான் போயிருக்காவ."

"அவர் இருந்தபோது இப்படிச் சொன்னதில்லையா?"

"சொல்லுவாவ. ஆனா ரெண்டு பேருமால்ல சொல்லுவாவ. இவிய சாபும்பாவ, அவிய ஆபும்பாவ. இவிய மினாம்பாவ, அவிய இனாம்பாவ. அதே வார்த்ததான், தலை மட்டும் இருக்காது. பாட்டு மாதிரி இருக்கும் கேக்க."

மனுவோடு தொடர்புடையதாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் குறித்துக்கொள்கிறேன்.

கைரேகை வைக்கச் சொன்னபோது அம்மையார், "நூவி" என்று சொல்லிவிட்டு, கைகளை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நூவி என்றால் கை. செல்லத்தாய் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு ஒற்றினார். எதிர்ப்பு ஏதும் இல்லை.

ஜூன் 23

கூரை வேலைக்கு ஆள் வரவில்லை. உலகம்மைக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கி வந்தேன்.

ஜூன் 27

மனுதாரர் கைலாசம் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. ஞாயிறுதோறும் மலைப்பாதையில் பேருந்தேறி வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போகிறார். கண்களுக்குக் கீழே கறுத்திருக்கிறது.

"எதிர்த்து நிக்க யாருமே இல்லாத கேஸு சார். இதுவே இவ்வளவு இழுக்குது" என்றார்.

மனு நிலுவையில் இருக்கும்போது ஒரு தரப்பினரோடு தனியாகப் பேசுவது உகந்ததன்று. எனவே வழக்கைப் பற்றிப் பேசாமல், 'சாபு – ஆபு' பற்றி மட்டும் கேட்டேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அது அவங்க விளையாட்டு சார். சின்ன வயசுல லீவுக்கு இங்க வருவேன். அடுப்பங்கரைக்குள்ள ஓடுவேன். பூரணம் அத்தை 'ரப்பி'ன்னு சொல்லிட்டு வாசல்ல மறிச்சு நிக்கும். ரப்பின்னா நெருப்பு. நான் 'அப்பி'ன்னு சொன்னாத்தான் விலகும். கையப் பிடிச்சு இழுக்காது, திட்டாது. நான் சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கும். வேடிக்கை என்னன்னா, சொல்லிட்டா அப்புறம் எனக்கே உள்ள போகத் தோணாது."

"அவர்கள் ஏன் தலையசைப்பதில்லை?"

சிரிப்பு நின்றுவிட்டது. குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"தாத்தா முன்னால பொண்ணுங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. தலையவும் ஆட்டக் கூடாது. வெறகுக் கட்ட ஒண்ணு அவர் கைக்கு எட்டுற இடத்துலயே கிடக்குமாம், அப்பா சொல்வாரு. புஷ்கலம் அத்தைக்கு இடது காது கேக்காது. அது அதுலதான் போச்சு. அப்ப அதுக்கு ஆறு வயசு." பிறகு, "அதெல்லாம் பழைய கதை சார். நான் அத்தைய நல்ல எடத்துலதான் சேக்கப்போறேன்" என்றார்.

ஜூன் 30

எந்த அதிகாரத்தின் கீழ் இன்று அந்த வீட்டுக்குச் சென்றேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆணையரின் பணி முடிவடைந்ததாக உத்தரவு இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

செல்லத்தாய் எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்தார். அதை நானே வாங்கி அம்மையாரிடம் நீட்டி, "குடியுங்கள் அம்மா" என்றேன்.

"வெசா" என்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"டீயத்தான் சொல்லுதாவ. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்துட்டு, ஆறிப்போனப்புறம் ஒரே மடக்கா குடிச்சிருவாவ. தினமும் இதான்" என்றார் செல்லத்தாய்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பொது இடத்தில் பாடச் சொன்னாற்போல் கூச்சமாக இருந்தது.

"எசா" என்றேன்.

பூரணம் அம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார். அதை விரலால் என் பக்கமாக நகர்த்தினார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை.

செல்லத்தாய் அந்தத் தம்ளரைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாக, "பிடிக்காதா அவியளுக்கு? மாசியிலருந்து ரெண்டு நேரமும் நாந்தானே ஐயா கொடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

ஜூலை 2

இரண்டு நாள் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

அந்தப் பாஷையில் 'இல்லை', 'வேண்டாம்', 'மாட்டேன்' என்பவற்றுக்குச் சொல் இல்லை. ஒருத்தி பொருளின் பெயரைச் சொல்கிறாள். எதிரே இருப்பவள் அதன் தலையைக் கிள்ளிவிட்டு மிச்சத்தைத் திருப்பிச் சொல்கிறாள். இரண்டும் சேர்ந்தால்தான் மறுப்பு. பொருளின் பெயரைச் சொல்வது குற்றமாகாது. தலையில்லாத ஓர் ஒலியை எழுப்புவதும் குற்றமாகாது. மறுப்பு இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. விறகுக் கட்டை விழுவதற்கு அங்கே தலை இல்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் இருவர் இதை ஏற்படுத்தியிருக்கிறார்கள். குற்றப் பொறுப்பை இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துக் கலைத்த ஓர் ஏற்பாட்டை நான் எந்த வழக்கிலும் கண்டதில்லை.

தடைக்கும் அதே வழிதான். 'செய்யாதே' என்னும் ஏவல் அவர்களிடம் இல்லை. தடுப்பவர் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கிறார். தடுக்கப்படுபவர்தான் தலையைக் கிள்ள வேண்டும். அவர் கிள்ளாத வரையில் தடை பிறக்கவில்லை. நம் சட்டங்களில் தடை விதிப்பவரே முழுவதையும் பேசிவிடுகிறார். கேட்பவருக்குப் பேச எதுவும் மீதி வைப்பதில்லை.

சம்மதத்துக்குச் சொல்லே கிடையாது. சம்மதித்தால் எழுந்து அதைச் செய்துவிடுவார்கள்.

ஆகவே, மும்முறை கேட்கப்பட்டபோது அவர் மும்முறையும் மறுத்தார். தன் பாதியைச் சொல்லிவிட்டு என் பாதிக்காகக் காத்திருந்தார். ஜூன் 15ஆம் தேதிய அறிக்கையில் பிழை உள்ளது. கூடுதல் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

இதை உலகம்மையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அந்தம்மா இத்தனை மாசமும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா" என்றாள்.

"அப்படித்தான் கொள்ள வேண்டும்."

"நீங்க கேட்டுட்டு, சம்மதம்னு எழுதிட்டு வந்தீங்க."

"அன்றைக்கு என்னிடம் இருந்த விவரங்களின் அடிப்படையில்."

அவள் கீரைத் தண்டுகளை முறித்துக்கொண்டே இருந்தாள். பெங்களூர் விஷயம் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏற்கெனவே கேட்டாயிற்று.

ஜூலை 9

விசாரணை. கூடுதல் அறிக்கை ஏற்கப்பட்டு, பூரணம் அம்மாளை நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். செல்லத்தாய் அழைத்துவந்தார். நீதிபதி பொறுமையான பெண்மணி. கூண்டில் ஏறச் சொல்லாமல், தன் மேசைக்கருகே நாற்காலி போடச் சொன்னார்.

"பாட்டி, உங்க தம்பி மகன் சொல்ற இடத்துல போய் இருக்கீங்களா?" என்று அவரே கேட்டார்.

"கேமு."

அம்மையார் நீதிபதியைப் பார்த்துக் காத்திருந்தார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

"இப்போது கேட்டவர் தாங்கள் என்பதால், தாங்கள் 'ஏமு' என்று சொன்னால் மறுப்பு முழுமையாகும்" என்று தெரிவித்தேன்.

மனுதாரரின் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தார். சாட்சியின் பதிலை நீதிமன்றமே சொல்வது எங்கும் கேள்விப்படாதது என்றார். அதில் தவறில்லை.

நீதிபதி பேனாவை மூடினார். "கமிஷனர், நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நம்பவும் செய்றேன். ஆனா இங்க உக்காந்து அதை நான் சொன்னா, அது என் தீர்ப்பாயிடும். அவங்க மறுப்புன்னு எப்படிப் பதிவு பண்றது?"

"நான் கேட்டு, நானே சொல்லலாம்."

"அப்ப அது உங்க சாட்சியம். நீங்க சாட்சி இல்லையே."

இல்லை. நான் சாட்சி இல்லை.

அம்மையார் இன்னும் காத்திருந்தார். நீதிபதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். மறுப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. கைலாசம் காப்பாளராக நியமிக்கப்படுகிறார். இல்லத்தில் சேர்ப்பது கட்டாயமன்று. அது அவருடைய பொறுப்பான முடிவுக்கு விடப்படுகிறது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உலகம்மை உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டாள். சொன்னேன்.

"எனக்குப் பெங்களூர் வர இஷ்டமில்ல. தேதி போட்டு எழுதி வச்சுக்கோங்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன். மகனுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். காரணம் கேட்டான். அம்மாவுக்கு விருப்பமில்லை என்றேன். "அம்மாவா அப்படிச் சொன்னாங்க?" என்று இரண்டு முறை கேட்டான்.

ஜூலை 17

பூரணம் அம்மாளை இன்று அழைத்துச் செல்கிறார்கள் என்று செல்லத்தாய் ஆளனுப்பிச் சொன்னார். சென்றேன். பலத்த சாரல். வீட்டு வாசலில் வாடகைக் கார். இல்லத்திலிருந்து வந்திருந்த பணிப்பெண் ஒருவர் முன் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

அம்மையார் வாசற்படியில் நின்றார். பையைக் கைலாசமே காரில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"போலாமா அத்தை?"

"கேமு."

அம்மையார் அவரைப் பார்த்துக் காத்திருந்தார். கைலாசம் நனைந்துகொண்டே நின்றார். என்னைப் பார்த்தார். செல்லத்தாயைப் பார்த்தார்.

"சொல்லிருங்க தம்பி. பாதி வார்த்ததானே" என்றார் செல்லத்தாய்.

"சொல்லிட்டு? அப்புறம் நான் என்ன செய்றது? ஞாயித்துக்கிழமைதோறும் மலையேறி வர்றேன். மத்த ஆறு நாளும் போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது. குளிக்கிற எடத்துல விழுந்து கெடந்தா யார் தூக்குவா? நீங்க தூக்குவீங்களா? சார் வந்து தூக்குவாரா?"

எனக்கு அங்கே சட்டப்படியான நிலை எதுவும் இல்லை. ஆணையரின் பணி ஒன்பதாம் தேதியோடு முடிந்துவிட்டது. மேலும், கேள்வி கேட்டவர் கைலாசம். பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. குடையைச் சற்று முன்னால் நீட்டிப் பிடித்தேன்.

"கேமு" என்றார் அம்மையார், இன்னும் கொஞ்சம் உரக்க. சரியாகக் கேட்காத காதுக்குச் சொல்வதுபோல.

பணிப்பெண் இறங்கி வந்து, "வாங்க பாட்டி, நனையுதுல்ல" என்று முழங்கையைப் பிடித்தாள். போனார். காருக்குள் உட்கார்ந்த பிறகும் கண்ணாடி வழியாகக் கைலாசத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18

குடையைப் பழுது பார்த்தாயிற்று.

ஜூலை 26

ஒன்றும் இல்லை. இரண்டு விற்பனைப் பத்திரங்கள் எழுதினேன். கட்சிக்காரர்களில் ஒருவருடைய மனைவி கையெழுத்திட வந்திருந்தார். சம்மதந்தானே என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தேன். "என்ன சார், ஏதும் தப்பா இருக்கா?" என்று பயந்துபோனார்.

ஆகஸ்ட் 3

காலையில் கைலாசம் தொலைபேசினார். அவர் குரலே அடையாளம் தெரியவில்லை. "நீங்க ஒரு தடவை என்கூட வாங்க சார்" என்றார். காரணம் கேட்டேன். "வாங்க சார்" என்று மட்டும் சொன்னார். சேர்ந்து சென்றோம்.

இல்லத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பினாயில் வாடை. கண்காணிப்பாளர் நல்ல மாதிரியான மனிதர்.

"இவங்கள மாதிரி பத்துப் பேர் இருந்தா எனக்குக் கவலையே இல்ல. சாப்பிடுன்னா சாப்பிடுறாங்க, படுன்னா படுக்கிறாங்க. முதல் வாரம் மட்டும் கேமு கேமுன்னு ஆளாளுக்குப் போய்ச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கேமராவைச் சொல்றாங்களோன்னு வராந்தா கேமராவுக்குத் துணிகூடப் போட்டு மூடிப் பார்த்தோம்" என்று சிரித்தார். "அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. இப்ப சத்தமே கிடையாது."

பூரணம் அம்மாள் வராந்தாவில் நீளமான இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அதற்கும் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்கள்.

கைலாசம் எதிரே தரையில் குந்தினார். "ஏமு" என்றார். "ஏமு அத்தை. ஏமு. ஏமு."

அம்மையார் அவரைப் பார்த்தார். முகத்தில் அசைவில்லை. முதல் பாதி இல்லாத இடத்தில் இரண்டாம் பாதியை யார் வைத்தாலும் அது நிற்காது என்று எனக்குத் தோன்றியது.

கைலாசம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேள்வியைப் புதிதாகவே கேட்டுப் பார்த்தார். "இங்கயே இருக்கீங்களா அத்தை?"

அம்மையார் இருந்த இடத்தில் இருந்தார்.

நான் முன்பு எழுதியிருக்கிறேன்: அவர்கள் பாஷையில் சம்மதத்துக்குச் சொல் கிடையாது, செய்வதுதான் சம்மதம். இப்போது அவர் எதைச் சொன்னாலும் செய்கிறார்.

"சரி. வீட்டுக்குப் போலாமா?"

உடனே எழுந்தார். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலை நோக்கி நடந்து, காரின் பக்கத்தில் போய், கதவு திறக்கப்படும் வரை நின்றார்.

"பார்த்தீங்களா, சொன்னதும் எந்திரிச்சுட்டாங்க. அவ்வளவு ஒத்துழைப்பு" என்றார் கண்காணிப்பாளர்.

அது விருப்பமா கீழ்ப்படிதலா என்று என்னால் சான்றளிக்க இயலாது. வழி முழுதும் கைலாசம் அவர் பக்கம் திரும்பவில்லை. மலை தெரியத் தொடங்கியபோது, "நான் அன்னிக்கே சொல்லியிருந்தா சார்" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12

பூரணம் அம்மாள் தம் வீட்டில் இருக்கிறார். இரவில் செல்லத்தாயும் அவர் மகளும் அங்கே படுத்துக்கொள்கிறார்கள். பிற்பகல்களில் உலகம்மை போகிறாள். நான் சொல்லிப் போகவில்லை. கைலாசம் மலைக்கு இப்பக்கம் வேலை மாற்றம் கேட்டிருக்கிறார். கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. அதுவரை யார் எப்போது தூக்குவது என்பதைப் பேசி வைத்திருக்கிறோம்.

வந்த நாளிலிருந்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெயிலில் மழை என்று சொல்வதும் இல்லை, வெறும் பானையைத் திறந்து பார்ப்பதும் இல்லை. துணியைக் காயப்போடச் சொன்னால் காயப்போடுகிறார். நேற்று செல்லத்தாய் மறதியாகத் தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மையார் அதை எடுத்துக் குடித்துவிட்டார், சூடாகவே. செல்லத்தாய் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார்.

காப்பாளர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைக் கைலாசத்துக்காக நான் எழுதிக் கொடுத்தேன். விருப்பம் என்ற இடத்தில், 'இதுவரை தெரியவில்லை' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, "'இதுவரை'ன்னு போட்டா நம்பிக்கை இருக்குன்னு அர்த்தமா சார்?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அடிக்கவும் எனக்கு மனமில்லை. அதற்கு உறுதி அளிக்கவும் முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் இரண்டு ஏற்பாடுகள் செய்துகொண்டோம். மறுத்தால் ஏற்கத் தயாராக இருப்பதை மட்டுமே அவரிடம் கேட்பது. கேட்ட பின், அவர் எழுந்து செய்யத் தொடங்குவதற்கு முன்பாக, "வேண்டாம்னாலும் சரி" என்று சொல்லி நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. எவ்வளவு நேரம் என்று வரையறுக்கவில்லை. இன்று காலை நான் அப்படிக் காத்திருந்தேன். அவர் உதடுகள் சற்றே பிரிந்தன. பிறகு மூடிக்கொண்டன. நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்குமேல் எதையும் அனுமானிக்கவில்லை.

மேலே கண்டவை நான் நேரில் கண்டும் கேட்டும் அறிந்த வரையில் உண்மை என உறுதியளிக்கிறேன்.

(ஒப்பம்)
செ. கோமதிநாயகம்
வழக்கறிஞர்

சாட்சிகள்:
1. கைலாசம், பூரணம் அம்மாளின் தம்பி மகன்
2. செல்லத்தாய், எதிர்வீடு